பத்தொன்பது கிலோ வள்ளம்: ஒரு பழைய கெவ்லார் கனூவுடன் இரண்டு கோடைகள்

ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் கராஜின் கூரையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் கனூ, அதாவது துடுப்பால் செலுத்தும் மேல்திறந்த ஒடுங்கிய படகு, 16 அடி நீளமும், நடுவில் ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர் அகலமும், 38 சென்ரிமீற்றர் ஆழமும் உடையது. குளியலறைத் தராசை முற்றத்துக்குக் கொண்டுவந்து, கனூவைத் தோளில் வைத்தபடி ஒரு முறையும் தனியாக ஒரு முறையும் ஏறி நின்று பார்த்ததில் அதன் எடை பத்தொன்பதரைக் கிலோ என்று தெரிந்தது. பீற்றர்பரோவுக்கு அருகில் வாழும் ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏப்ரல் மாதத்தில் 1,900 டொலருக்கு இதை வாங்கினேன். அதன் பின்னர் வந்த இரண்டு கோடைகளிலும் நாற்பது தடவைக்கு மேல் இது தண்ணீரில் இறங்கியிருக்கிறது. கயாக்கையோ கனூவையோ பொழுதுபோக்காகத் தொடங்க நினைப்பவர்களுக்கும், என்னைப் போல இளமையில் விட்ட துடுப்பை நடுவயதில் மீண்டும் எடுக்க நினைப்பவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இந்தக் கனூவின் நிறைகளையும் குறைகளையும் இங்கே எழுதுகிறேன்.

இது ப்ரொஸ்பெக்டர் வகையைச் சேர்ந்தது. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் ஃபிரெடெரிக்டன் நகரில் இயங்கிய செஸ்ட்நட் கனூ நிறுவனம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், காட்டுக்குள் வாரக்கணக்கில் தங்கிக் கனிமம் தேடுவோரின் சுமையைத் தாங்கும்படி மரத்தாலும் கன்வஸ் துணியாலும் செய்த வடிவம் இது. அந்த நிறுவனம் 1970களின் இறுதியில் மூடப்பட்டுவிட்டாலும் வடிவம் அழியவில்லை. ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் உள்ள பல பட்டறைகள், சிறு வேறுபாடுகளுடன், இன்றும் அதையே செய்கின்றன. ஆகவே என்னுடையதைச் செய்தவர் யார் என்பதை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகின்றவற்றில் பெரும்பகுதி, 16 அடி ப்ரொஸ்பெக்டர் வடிவமும் கெவ்லார் என்ற செயற்கை இழையாலான உடலும் கொண்ட எந்தக் கனூவுக்கும் பொருந்தும்.

நான் யாழ்ப்பாணத்தின் ஊர்காவற்றுறையில் பிறந்தவன். மாமாவின் வள்ளத்தில், முழங்கால் அளவும் இடுப்பளவும் உள்ள பரவைக்கடலில், மரக்கோல் ஊன்றவும் துடுப்புப் போடவும் பத்து வயதிலேயே பழகியிருந்தேன். பதினேழு வயதில் ஊரைவிட்டு வந்த பின்னர் முப்பத்து நான்கு ஆண்டுகள் எந்தப் படகிலும் கை வைக்கவில்லை. கனூ ஒன்றை முதன்முதலில் அருகில் நின்று பார்த்தபோது, முன்முனையை நாங்கள் அணியம் என்றும் பின்முனையைக் கடையார் என்றும் சொன்ன சொற்கள்தாம் முதலில் நினைவுக்கு வந்தன. ஆங்கிலச் சொற்களைப் பின்னர்தான் கற்றுக்கொண்டேன். நீரின் மீது கால் ஊன்றும் பழக்கம் உடலில் இன்னும் இருந்தது. சுமை தூக்கும் பலம்தான் இல்லை. நான் செய்த முதல் தவறு இந்த வேறுபாட்டை உணராமல் போனதுதான்.

அந்தத் தவறு 36 கிலோ எடையுள்ள ஒரு பொலிஎதிலீன் பிளாஸ்ரிக் கனூ. நகரின் வடக்கே உள்ள ஒரு கடையில், பாறையில் மோதினாலும் உடையாது, வெயிலில் கிடந்தாலும் கெடாது, தொடக்கநிலையில் இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்று சொல்லி எனக்கு அதை விற்றார்கள். சொன்னவற்றில் முதலாவது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அதை வாகனத்தின் கூரையில் ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதை அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மனைவிக்குத் தோள் வலி. மகள் பல்கலைக்கழகத்தில் இருந்தாள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எந்த நண்பரையும் எழுப்பிப் படகு தூக்க வாருங்கள் என்று கேட்க முடியாது. அந்தக் கோடையில் அந்தக் கனூ மூன்று தடவை மாத்திரமே தண்ணீரைக் கண்டது. மூன்றாவது தடவை, தனியாக இறக்க முயன்று, முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் படுத்திருந்தேன். அடுத்த வசந்தத்தில், ஏரிக்கரையில் வீடுள்ள ஒரு குடும்பத்துக்கு அதை விற்றுவிட்டேன். தூக்கவே தேவையில்லாத அவர்களுக்கு அது மிகவும் பொருத்தமான கனூ.

எனவே, கனூ வாங்க வருபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, என்னைப் பொறுத்தவரை, அதன் வேகம், உறுதி, நிறம் ஆகிய எதைப் பற்றியதும் அன்று. எவருடைய உதவியும் இல்லாமல், வேலை முடிந்து களைத்து வந்த ஒரு மாலையில், என்னால் இதைத் தனியாகக் கூரையில் ஏற்ற முடியுமா என்பதே அந்தக் கேள்வி. 36 கிலோவுக்கும் பத்தொன்பதரைக் கிலோவுக்கும் இடையிலுள்ள பதினாறரைக் கிலோதான், மூன்று பயணங்களுக்கும் நாற்பது பயணங்களுக்கும் இடையில் நின்ற வேறுபாடு.

இந்த இலகுவுக்குக் காரணம் கெவ்லார். டியூபொன்ற் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபானி குவோலெக் 1965இல் கண்டறிந்த இழை அது. குண்டு துளைக்காத அங்கிகளில் பயன்படுவதும் இதே இழைதான். இழுவிசையை அது வியக்கத்தக்க அளவு தாங்கும். உராய்வை அவ்வளவாகத் தாங்காது. என்னுடைய கனூவின் வெளிப்புறத்தில் கனமான வண்ணப்பூச்சு இல்லை; இழையின் இயல்பான தேன் நிறமே தெரிகிறது. காலை வெயிலில், ஒன்ராறியோ ஏரியில் கலக்கும் ரூஜ் ஆற்றின் முகத்துவாரத்தில் இதில் அமர்ந்திருக்கும்போது, சுவரினூடாக வெளிச்சம் ஊடுருவி, வெளியே நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது உள்ளிருந்தே ஒரு நிழற்கோடாகத் தெரியும். சிறு அலை ஒன்று பக்கத்தை நக்கிச் செல்லும்போது அந்தக் கோடும் அதனோடு ஏறி இறங்கும். முதல் நாள் அதைப் பார்த்தபோது துடுப்பை மடியில் வைத்துவிட்டு நெடுநேரம் அப்படியே இருந்தேன்.

உராய்வுக்கான விலையையும் சொல்ல வேண்டும். கரையில் இழுத்து வைக்கும் பழக்கத்தை நான் விடுவதற்குள், கடையாரின் அடிப்பகுதியில் உள்ளங்கையளவு இடத்தில் மேற்பூச்சுப் போய்விட்டது. அந்த இடத்தைத் தடவிப் பார்த்தால், மரத்தைப் போலவோ பிளாஸ்ரிக்கைப் போலவோ வழவழப்பாக இல்லாமல், தேங்காய்த் தும்பைத் தொடுவது போல மெல்லிய இழைகள் விரலில் சிலும்பின. மணல்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று முயன்றது அடுத்த தவறு. தேய்க்கத் தேய்க்க அவை மேலும் சிலும்பி எழுந்தன. சிலும்பிய இழைகளைக் கூரிய கத்தியால் நறுக்கிவிட்டு, இடத்தைத் துடைத்துக் காயவைத்து, எப்பொக்சி பிசினை மெல்லியதாக இரண்டு தடவை பூசினால் போதும் என்று பின்னர் ஒருவர் காட்டித்தந்தார். ஒரு மாலை வேலை. பிசினுக்கு முப்பது டொலர். அதற்குப் பின்னர், கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று ஏறி, கணுக்கால் அளவு தண்ணீரிலேயே இறங்கி, கையால் தூக்கிக் கரையில் வைக்கிறேன். கால் நனையக்கூடாது என்று நினைப்பவர் கெவ்லார் வாங்கக்கூடாது. சூரியனின் புற ஊதாக் கதிரும் இந்த இழைக்குப் பகை. ஆண்டுக்கணக்கில் வெளியே கிடந்த கனூ தேன் நிறத்திலிருந்து கருமையான பழுப்புக்கு மாறியிருக்கும். பாறை நிறைந்த வேக ஆறுகளில் இறங்க விரும்புபவருக்கும் இது ஏற்றதன்று. அதற்கென்றே முன்பு கொண்டாடப்பட்ட றோயலெக்ஸ் என்ற பல அடுக்குப் பிளாஸ்ரிக்கின் தயாரிப்பு 2014இல் நின்றுபோய்விட்டது. பழைய றோயலெக்ஸ் கனூக்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

தண்ணீரில் இதன் நடத்தைக்கு வருகிறேன். ப்ரொஸ்பெக்டரின் அடிப்பகுதி நீளவாட்டில் வாழைப்பழத்தைப் போல இரு முனைகளிலும் சற்று மேலெழுந்திருப்பதால், திரும்பு என்று நினைத்த மாத்திரத்தில் அது திரும்பும். ரூஜ் சதுப்பில், நாணலுக்கும் அல்லிக்கும் இடையே வளைந்து செல்லும் ஒடுங்கிய வாய்க்கால்களில் இந்தக் குணம் பெரும் இன்பம். ஆனால் அதே குணம், திறந்த நீரில் நேராகச் செல்ல விரும்புபவரின் பொறுமையைச் சோதிக்கும். வலப்பக்கம் துடுப்புப் போட்டால் அணியம் இடப்பக்கம் விலகும். அதைச் சரிசெய்ய, ஒவ்வொரு துடுப்பு வீச்சின் முடிவிலும் கட்டைவிரல் கீழ்நோக்கும்படி துடுப்பைத் திருப்பி, நீரை மெதுவாக வெளிப்புறம் தள்ள வேண்டும். ஆங்கில ஜே எழுத்தின் வடிவில் துடுப்பு நகர்வதால் அதற்கு ஜே-ஸ்ட்ரோக் என்று பெயர். மாமாவின் வள்ளத்தில் நான் கற்றிராத அசைவு இது. கைக்கு வந்து சேர ஆறு வாரம் எடுத்தது. அந்த ஆறு வாரமும் நான் சென்ற பாதை பாம்பு நெளிந்ததைப் போலத்தான் இருந்திருக்கும். ஒருநாள் காலை, கணக்குப் பார்க்காமல், யோசிக்காமல், எதிர்க்கரையின் ஒரு மரத்தை நோக்கிக் கனூ நேராகச் சென்றுகொண்டிருப்பதைக் கண்டேன். அதற்குப் பின் அந்த அசைவு என்னை விட்டுப் போகவில்லை.

தனியாகச் செல்லும்போது எங்கே அமர்வது என்பதை விற்பவர்கள் பெரும்பாலும் விளக்குவதில்லை. இரு முனைகளும் ஒரே வடிவாக இருப்பதால், முன்னிருக்கையில் பின்னோக்கித் திரும்பி அமர்ந்தால், அதுவே பின்னிருக்கையாகி, உடல் கனூவின் நடுப்பகுதிக்கு நெருங்கி வரும். வழக்கமான பின்னிருக்கையில் தனியாக அமர்ந்தால் அணியம் வானத்தை நோக்கி எழுந்து, சிறு காற்றுக்கும் காற்றாடி போலச் சுழலும். இதைவிடவும் நல்லது, இருக்கையின் விளிம்பில் சாய்ந்துகொண்டு இரு முழங்கால்களையும் தரையில் ஊன்றுவது. எடை கீழே இறங்குவதால், அசையும் தொட்டிலில் இருப்பதுபோன்ற அச்சம் உடனே நீங்கிவிடும். ஐம்பது வயதைக் கடந்த முழங்காலுக்கு அது எளிதன்று என்பதால், தோட்ட வேலைக்கு விற்கும் தடித்த நுரைப்பாய் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறேன். இருபது நிமிடம் முழங்காலில், பத்து நிமிடம் இருக்கையில் என்று மாறி மாறிச் சென்றால் இரண்டு மணி நேரம் வலியின்றிக் கழியும்.

இந்த வடிவத்தின் உண்மையான குறை காற்று. அலை உள்ளே தெறிக்காதபடி முனைகளை உயர்த்திச் செய்திருப்பதால், அவையே பாயைப் போலக் காற்றைப் பிடிக்கும். இலகுவான உடல் அதற்கு இன்னும் இடம் கொடுக்கும். மணிக்கு 15 கிலோமீற்றருக்கு மேல் காற்று என்று முன்னறிவிப்பு இருந்தால் நான் தனியாக ஒன்ராறியோ ஏரியின் பக்கம் போவதில்லை. ரூஜ் முகத்துவாரத்துக்குச் செல்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். வடக்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து ஏரியை நோக்கிக் காற்று வீசும் நாளில் கரையோரத் தண்ணீர் கண்ணாடி போல அமைதியாகத் தெரியும். அந்த அமைதியை நம்பி, ரயில் பாலத்தின் அடியால் ஏரிக்குள் நுழைந்துவிட்டால், திரும்பும்போது முழுக் காற்றும் முகத்தில் அடிக்கும். சதுப்பின் பக்கமே நின்றுவிடுவது அந்த நாட்களில் நல்லது.

நண்பர்கள் பலர், ஏன் கயாக் வாங்கவில்லை என்று கேட்டார்கள். இனுவிட் மக்கள் கடல் வேட்டைக்காகத் தோலாலும் எலும்பாலும் கரையொதுங்கிய மரத்தாலும் அமைத்த கயாக், மேலே மூடியும் தாழ்வாகவும் இருப்பதால் காற்றுக்கு அஞ்சாது. இரட்டைத் துடுப்பு இருப்பதால் முதல் நாளிலேயே நேராகச் செல்லும். எப்போதும் தனியாக, பெரிய நீர்ப்பரப்பில் மட்டும் செல்லப்போகிறவருக்கு அதுவே சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்கோ காலை நீட்டிக்கொண்டு அரை மணி நேரம் இருந்தால் இடுப்பு இறுகிவிடும். மேலும், ஞாயிறு மாலைகளில் மனைவி முன்னால் அமர்ந்து, இடையில் தேநீர்ப் போத்தலும் இடியப்பப் பெட்டியும் இருக்க, பிக்கரிங்கின் ஃபிரெஞ்மன்ஸ் குடாவைச் சுற்றி வருவதற்கு கனூவே வேண்டும். நாங்கள் இருவரும் ஏறினால் இந்தக் கனூ தனியே செல்வதைவிட நேராகவும் அமைதியாகவும் செல்கிறது. சுமையோடு செல்வதற்கென்றே பிறந்த வடிவம் என்பது அப்போதுதான் விளங்கும்.

கடந்த ஓகஸ்ற் மாதத்தில் மகளுடன் அல்கொன்குவின் மாகாணப் பூங்காவுக்குச் சென்றேன். 1893இல் நிறுவப்பட்ட அந்தப் பூங்காவில் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட கனூப் பாதைகள் இருக்கின்றன. ஏரிக்கும் ஏரிக்கும் இடையில் நிலம் குறுக்கிடும் இடங்களில் கனூவைத் தோளில் தூக்கி நடக்க வேண்டும். போர்ட்டேஜ் என்று அதைச் சொல்வார்கள். கனூ ஏரியிலிருந்து ஜோ ஏரிக்குச் செல்லும் போர்ட்டேஜ் 295 மீற்றர். மஞ்சள் பலகையில் தூரம் எழுதியிருக்கும். கனூவின் நடுவில் குறுக்காகப் பொருத்தப்பட்டிருக்கும் மரச்சட்டத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ, அதுவே நம் மொழியிலும்: நுகம். மாட்டின் கழுத்துக்கு ஏற்ப வளைத்த நுகத்தடியைப் போலவே, மனிதத் தோளுக்கும் கழுத்துக்கும் ஏற்ப அது வளைத்துச் செதுக்கப்பட்டிருக்கிறது. முதலில் கனூவைத் தொடைமேல் ஏற்றி, ஒரு கையால் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து, ஒரே வீச்சில் தலைக்கு மேல் கவிழ்த்துத் தோளில் இருத்த வேண்டும். “அப்பா, நீங்கள் தனியத் தூக்குவீங்களோ?” என்று மகள் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே அது தோளில் ஏறிவிட்டது. உள்ளே தலை இருக்க, பாதையின் வேர்களும் கற்களும் என் காலடியில் இரண்டு மீற்றர் தூரத்துக்கு மட்டும் தெரிய, என் மூச்சின் ஒலி சுற்றிலும் எதிரொலிக்க, அந்த 295 மீற்றரையும் நிற்காமல் நடந்தேன். பழைய 36 கிலோவோடு இதைக் கற்பனை செய்துகூடப் பார்க்க மாட்டேன்.

ஆனால் இந்த வள்ளத்தின் நுகம் என் தோளுக்கு அகலம் குறைவு. முதல் பயணத்தில் தோள்பட்டை எலும்பின் மேல் நேராக அழுத்திச் சிவந்துவிட்டது. நுரை வைத்த தோள்மெத்தைகள் இரண்டை, திருகிப் பொருத்தும் வகையில் வாங்கிப் போட்ட பின்னர் அந்தக் குறை நீங்கியது. வாங்கும்போதே கடையிலோ விற்பவரின் முற்றத்திலோ ஐந்து நிமிடம் தோளில் வைத்து நடந்து பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

துடுப்பைப் பற்றி ஒரு சொல். வாடகைக் கனூக்களோடு தரப்படும் பிளாஸ்ரிக் துடுப்புகளை வைத்து இந்தப் பொழுதுபோக்கை எடைபோடக் கூடாது. பல ஆண்டுகளுக்குப் பின் முதன்முதலில் நான் சென்ற ஒரு வாடகை நிலையத்தில் என் உயரத்துக்குச் சற்றும் பொருந்தாத நீளத் துடுப்பைத் தந்து அனுப்பினார்கள். அரை மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது, இனி எனக்கு இது ஆகாது என்றே நினைத்து வீடு திரும்பினேன். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, துடுப்பைத் தலைகீழாக, கைப்பிடி இருக்கையில் படும்படி நிறுத்தினால், தண்டு முடிந்து அலகு தொடங்கும் இடம் நாடிக்கும் மூக்குக்கும் இடையில் வர வேண்டும். இந்த ஒரு அளவைப் பார்த்து வாங்கிய செரி மரத் துடுப்பு 160 டொலர். கனூவுக்கு அடுத்தபடியாக நான் செலவழித்த பணத்தில் மிகுந்த பயன் தந்தது அதுதான். நீர்நாயின் வாலைப் போல ஒடுங்கி நீண்ட அதன் அலகு ஆழமான ஏரிகளில் ஓசையின்றி இறங்கி ஓசையின்றி எழும். சதுப்பின் ஆழமற்ற தண்ணீரில் மட்டும் அது சேற்றைக் கிளறும்.

இயந்திரம் பொருத்தாத கனூவுக்குக் கனடாவில் உரிமமோ செலுத்துநர் அட்டையோ வேண்டியதில்லை. ஆனால் ஆறு மீற்றருக்கு உட்பட்ட துடுப்புப் படகில் ஒவ்வொருவருக்கும் அளவான மிதவை அங்கி, குறைந்தது 15 மீற்றர் நீளமுள்ள மிதக்கும் எறிகயிறு, நீரிறைக்கும் கலன், ஊதல் ஆகியவை இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இருட்டிய பின்னர் செல்வதானால் விளக்கும் வேண்டும். அங்கி படகில் இருந்தால் போதும், அணிய வேண்டும் என்று சட்டம் வற்புறுத்துவதில்லை. நான் வற்புறுத்துகிறேன். நீந்தத் தெரிந்தவர்களே இந்த ஏரிகளில் இறந்திருக்கிறார்கள். ஊரின் இளஞ்சூடான கடலில் வளர்ந்த நமக்கு, மே மாதத்து ஒன்ராறியோ ஏரியின் குளிரை உடலால் கற்பனை செய்ய முடியாது. விக்ரோறியா நாள் விடுமுறையில் வெயில் 25 பாகையைத் தொட்டிருக்கலாம். தண்ணீர் அப்போதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருப்பது போலத்தான் இருக்கும். குளிர்நீரில் விழுந்தவரின் முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறலைக் கட்டுப்படுத்துவதற்கும், அடுத்த பத்து நிமிடம் கைகால்கள் சொன்னபடி கேட்பதற்கும், ஏறத்தாழ ஒரு மணி நேரம் நினைவு தப்பாமல் இருப்பதற்கும் உரியவை என்று இங்கே கற்பிக்கிறார்கள். அந்த முதல் நிமிடத்தில் முகத்தை நீருக்கு மேல் வைத்திருப்பது அங்கி மட்டுமே. ஜூன் நடுப்பகுதிக்கு முன் நான் கரையைவிட்டு விலகுவதில்லை.

ஓகஸ்ற் மாதத்தில், மார்பளவு நீரில், வேண்டுமென்றே ஒரு முறை கனூவைக் கவிழ்த்துப் பார்த்தேன். இரு முனைகளிலும் காற்றறைகள் இருப்பதால் அது மூழ்கவில்லை. ஆனால் விளிம்புவரை நீர் நிரம்பி, நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள தொட்டியாக மாறியது. நிலைகொள்ளாத ஆழத்தில், தனியாக, அதை வெறுமையாக்கி மீண்டும் ஏறுவது என்னால் முடியாத காரியம் என்பது அன்று தெளிவாயிற்று. இன்னொரு கனூ அருகில் இருந்தால், கவிழ்ந்ததை அதன் மேல் குறுக்காக இழுத்து, நீரை வடித்து, நிமிர்த்தி இறக்க முடியும். பேடில் கனடா அமைப்பின் பயிற்றுநர்கள் நடத்தும் தொடக்க வகுப்பில் இதைச் செய்து காட்டுவார்கள். கனூ வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை அந்த வகுப்புக்கு ஒதுக்குங்கள்.

கனூவைக் கூரையில் கட்டிச் செல்வதில் இரண்டு சிறு பாடங்கள் எனக்குக் கிடைத்தன. நெடுஞ்சாலை 401இல் ஏறியவுடன் கட்டுப்பட்டை தம்பூராவைப் போல ரீங்கரிக்கத் தொடங்கி, அல்கொன்குவின்வரை மூன்று மணி நேரமும் தலைவலி தந்தது. பட்டையை ஒருமுறை முறுக்கிவிட்டுக் கட்டினால் அந்த ஒலி முற்றாக நின்றுவிடும். மற்றது, இறுக்கும் பல்சக்கரம் உள்ள பட்டைகள் கெவ்லாரை நசுக்கக்கூடும் என்பதால், சாதாரண வளையப் பூட்டுப் பட்டைகளையே பயன்படுத்தி, அணியத்திலிருந்தும் கடையாரிலிருந்தும் தனித்தனிக் கயிறு கட்ட வேண்டும். ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் முன் கனூவில் ஒட்டிய பாசியையும் தேங்கிய நீரையும் அகற்ற வேண்டும் என்பது 2022 தொடக்கத்திலிருந்து ஒன்ராறியோவில் சட்டம். வரிக்குதிரைச் சிப்பி போன்ற அந்நிய உயிர்கள் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு பழைய துவாயும் ஐந்து நிமிடமும் இதற்குப் போதும்.

புதிதாக இதே கனூ இன்று நாலாயிரம் டொலரை ஒட்டி விற்கிறது. அந்த விலை கொடுத்துத் தொடங்குமாறு எவருக்கும் சொல்ல மாட்டேன். செப்ரெம்பர் முடிவிலிருந்து ஒக்டோபர் முடிவுவரை, குளிர்காலத்துக்கு இடமில்லாதவர்களும் வயதாகித் தூக்க முடியாதவர்களும் விற்க முன்வருவார்கள். ஏப்ரலில் வாங்கிய நான் இருநூறு டொலராவது கூடக் கொடுத்திருப்பேன். பார்க்கப் போகும்போது ஒரு கைமின்விளக்கைக் கொண்டு செல்லுங்கள். கனூவைக் கவிழ்த்து வைத்து, இருட்டான கராஜில் உள்ளிருந்து விளக்கைப் பிடித்தால், வெடிப்பும் முன்னர் ஒட்டுப்போட்ட இடங்களும் தேன் நிறச் சுவரில் கருங்கோடுகளாகத் தெரியும். அடிப்பகுதி முழுவதையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எங்கேனும் மெத்தென்று அமுங்கினால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன என்று பொருள், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். விளிம்புச் சட்டம் மரமாயின், திருகாணிகளைச் சுற்றிக் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் இரண்டு இடங்களில் கறுத்திருந்தது; விற்றவர் தானாகவே அவற்றைச் சுட்டிக்காட்டி நூறு டொலரைக் குறைத்துக்கொண்டார். இந்தக் கோடையில் அவ்விரண்டு திருகாணிகளையும் கழற்றி, மரத்தைச் சுரண்டி எண்ணெய் பூசி, துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகள் போட்டேன்.